ஒன்றாகக் கொட்டிய ரவை

வசந்தாமணி டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தாள். துப்பாக்கி ரவை விளிம்புவரை வந்து நின்றது. நேற்றுச் சாயங்காலம் அவளே பையில் எடுத்து வைத்தபோது பாதிதான் இருந்தது. ஈயம் குட்டி போடுமா என்ன? அப்போதுதான், காலையில் ரயில்வே கேட்டில் கார் நின்றிருந்தபோது வீட்டுக்காரர் நாச்சிமுத்து சொன்னது அவள் காதில் விழுந்தது. சொன்னது காலையில், விழுந்தது இப்போது. “ரெண்டு டப்பாவும் பாதிபாதியாக் கெடந்துச்சு புள்ள. ஒண்ணாக் கொட்டிப்போட்டேன். பையில எடமாச்சு பாரு.” ஆமாம், சொன்னார். அவளும் ம் என்றாள். கட்டின நாள் முதல் அந்த மனுஷர் சொன்னதற்கெல்லாம் ம் போட்டுப் பழகிய வாய், அதுபாட்டுக்குப் போட்டுவிட்டது. இப்போது அவர் டீ வாங்கப் போயிருக்கிறார். உதவி செய்துவிட்ட திருப்தியில் கையை வீசிக்கொண்டு போகிறார். ரெண்டு டப்பாவும் ஒரே கம்பெனி, ஒரே பச்சை மூடி, ஒரே உருண்டைத் தலை ரவை. ஆனால் ஒன்றில் ரவையின் தலை மற்றதைவிட ஒரு மயிரிழை பெரிது. அதை டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரிய தலைதான் அவளுடைய துப்பாக்கிக்குச் சேரும். சின்னத் தலை கடைக்காரன் மாற்றி அனுப்பியது. வீட்டில் விசை இழுத்துப் பழக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள். நேற்றும் பழகிவிட்டுப் பைக்குப் பக்கத்திலேயே மேஜையில் வைத்தாள். இவர் கண்ணில் பட்டுவிட்டது. இன்றைக்குத்தானா படவேண்டும்? இன்று மாவட்டத் தேர்வு. தகுதிப் புள்ளியைத் தொட்டால் மதுரையில் மாநிலப் போட்டி. தொடாவிட்டால் போன வருஷம் மாதிரியே வீடு. போன வருஷம் விரல்விட்டு எண்ணும்படியான புள்ளியில் போனது.

தகரக் கூரைக்குக் கீழே போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் கைக்குட்டையை விரித்து, ஒரு பிடி ரவையை அதில் கொட்டினாள். கணவாய்க் காற்று கூரையைத் தடதடவென்று ஆட்டிக்கொண்டிருந்தது. அப்பால் காற்றாலைகள் சுற்றின. உள்ளே முதல் அணி சுட்டுக்கொண்டிருந்தது. டப், டப் என்று ஸ்பிரிங் விடும் சத்தமும், அட்டை கிழியும் சத்தமும் மாறிமாறி வந்தன. அரிசியில் கல் பொறுக்கிய விரல்தான், இதைப் பொறுக்காதா என்று ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். பொறுக்கவில்லை. கல்லுக்கும் அரிசிக்கும் நிறமாவது வேறே. இது அதே சாம்பல் நிறம், அதே குட்டி இடுப்பு, பின்பக்கம் அதே பாவாடை விரிப்பு. பாவாடை நசுங்கின ஒன்றிரண்டைத் தள்ளி வைக்க முடிந்தது, அவ்வளவுதான். எது பெரிது எது சின்னது என்று சொல்லக்கூடியது உலகத்தில் ஒன்றே ஒன்று, அவளுடைய துப்பாக்கிக் குழலின் வாய். அதில் ரவையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால், சரியானது கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு உள்ளே போகும்; சின்னது தானாக நழுவி விழுந்துவிடும். ஆனால் துப்பாக்கி பெட்டிக்குள் இருக்கிறது. பேர் கூப்பிட்டுச் சுடும் கோட்டுக்குப் போனபிறகுதான் பெட்டியைத் திறக்கலாம். களத்தைப் பார்த்துக்கொள்கிற தாசப்பன் பட்டாளத்திலிருந்து வந்தவர். சட்டத்தைக் கட்டிக்கொண்டு குடித்தனம் நடத்துகிறவர். அவரிடம் போய், ஐயா, எங்க வீட்டுக்காரர் ரெண்டு ரவையை ஒன்றாகக் கொட்டிவிட்டார், ஓரமாக வைத்துப் பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டால் பெட்டியோடு வெளியே அனுப்பிவிடுவார். அவர் செய்வதும் சரிதான். சரியில்லாதது டீக்கடையில் நிற்கிறது.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வந்தால் என்ன, யாரிடம் காட்டுவது? நாச்சிமுத்து நல்லவர். ஊரே சொல்கிறது. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், பெண்டாட்டி துப்பாக்கி சுட ஆசைப்பட்டால் காரில் கூட்டிவந்து டீயும் வாங்கித் தருவார். இந்த மாதிரி ஆளிடம் சண்டை போட்டுப் பாருங்கள், போடுகிறவள்தான் ராங்கிக்காரி. கெட்டவனைக் கட்டியவளுக்கு அழுவதற்காவது நாலு பேர் கிடைப்பார்கள். இவருக்கு இருக்கிற ஒரே வியாதி, பாதி டப்பாவைக் கண்டால் பொறுக்காது. சீரகமும் சோம்பும் ஒன்றுதான். மாவடுவும் எலுமிச்சையும் ஒரே ஜாடிக்குள் போகும். கடலை எண்ணெய் பாட்டிலில் கால்வாசி இருந்தால் அதன் தலையில் தேங்காயெண்ணெய். அன்று வடை வேகும்போது வீடு முழுக்கத் தலைக்குளியல் வாசம். கேட்டால் ஒரே பதில், எல்லாம் எண்ணெய்தானே. அவளும் சிரித்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே முப்பது வருஷத்தை ஓட்டிவிட்டாள் என்று இப்போது நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி மாசமாகிறது. முன்குறியின் ஓரம் கொஞ்சம் கலங்கித் தெரிகிறது. அடுத்த வருஷம் எப்படித் தெரியுமோ. அவரிடம் அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார் என்று தெரியும். ரெண்டு கண்ணையும் ஒண்ணாப் பண்ணிரலாம் புள்ள, எதுக்கு ரெண்டு தடவ அலையறது.

“என்னங்கம்மா, கல் பொறுக்கறீங்களா?” என்று கேட்டபடி லோகநாதன் பக்கத்தில் வந்து நின்றார். மில் சாமான் வியாபாரம் செய்கிறவர், கிளப்பில் வேகத்துக்குப் பேர்போனவர். அவருடைய ரவை ஈயமே இல்லை, பளபளவென்று ஏதோ கலப்பு உலோகம். தக்கை மாதிரி லேசு. சுட்டால் பட்டாசு வெடித்தமாதிரி இருக்கும், வெளியே காக்காய் பறக்கும். அவள் ஒரே வார்த்தையில் விஷயத்தைச் சொன்னாள். அவர் உடனே தன் டப்பாவை நீட்டினார். இதைப் போடுங்க, மின்னலாப் போகும், எதுக்கு இந்தக் கனமான ரவையை உருட்டிக்கிட்டு, போய்ச் சேரவே மதியமாயிரும் என்றார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். வேகம், வேகம். போகிற தூரம் இந்தக் கூடத்து நீளம், அதற்குள் வேகமாகப் போய் யாருக்குப் பத்திரிகை வைக்கவேண்டும்? லேசான ரவை குழலைவிட்டு ஓடிவிடும். முன்னால் அணையாக நிற்கக் கனம் இல்லாததால் உள்ளே பிஸ்டன் சுவரில் முட்டுகிறமாதிரி முட்டும். துப்பாக்கி கையில் துள்ளும். குறியின் திருகாணி கழன்றுபோகும். சத்தம் பெரிசாக இருப்பதால் பலம் பெரிசு என்று நினைப்பு. லோகநாதனுடைய அட்டையைப் பார்த்தால் தெரியும், அம்மை போட்ட முகம். ஆனாலும் அவர்தான் எல்லாருக்கும் யோசனை சொல்வார், அதுவும் பொம்பளை என்றால் கேட்காமலே சொல்வார். அவருக்குக் கோபித்துக்கொள்ளத் தெரியவில்லை. நல்லா யோசிச்சுக்குங்க என்று டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

அதே லேசு ரவையைத்தான் முதலில் நாச்சிமுத்துவும் வாங்கி வந்தார். துப்பாக்கியும் அவர் வாங்கியதுதான், தோப்பில் கொய்யாவைக் கடிக்கிற அணிலை விரட்ட. அணில் ஒன்றும் போகவில்லை. இவர் சுட்டது மோட்டார் ரூம் சுவரில் பட்டது, தண்ணித் தொட்டியில் பட்டது, ஒருநாள் காயப்போட்டிருந்த அவருடைய வேட்டியிலேயே பட்டது. துப்பாக்கி சரியில்லை என்று பரண்மேல் போட்டுவிட்டார். பிள்ளைகள் வெளியூர் போனபிறகு ஒரு மத்தியானம் சுக்கு டப்பாவைத் தேடிப் பரணில் ஏறியவள் அதை இறக்கினாள். எதற்கு இறக்கினோம் என்று இன்றுவரை அவளுக்குச் சொல்லத் தெரியாது. தேங்காய் நார்ச் சாக்கில் பழைய சேலைகளைத் திணித்து, வந்து கிடந்த கல்யாணப் பத்திரிகைகளை அதில் குத்திவைத்துச் சுட்டாள். மூலையில் மஞ்சள் தடவிய பத்திரிகைகள். மஞ்சள் பொட்டுதான் குறி. எத்தனையோ பேருடைய சுபமுகூர்த்தத்தைச் சல்லடையாக்கினாள். லேசு ரவை பத்திரிகை முழுக்க மேய்ந்தது. தட்டைத் தலை ரவை கொஞ்சம் அடங்கியது. கூர்த் தலை பார்க்க ஜோராக இருந்தது, போன இடம் அதற்கே தெரியாது. ரொம்பக் கனமானது ஸ்பிரிங்கைத் திணறடித்தது, தவழ்ந்து போய்க் கீழே குத்தியது. கடைசியில் ஒரு சாயங்காலம், நடுத்தரக் கனத்தில் இந்த உருண்டைத் தலை. சத்தமே வேறாக இருந்தது, கதவை மெதுவாகச் சாத்தியதுபோல. துப்பாக்கி கையில் பெருமூச்சு விட்டு அடங்கியது. போய்ப் பார்த்தாள், அஞ்சு ரவையும் ஒரே ஓட்டையில், ஒரு ரூபாயை வைத்தால் மறைந்துவிடும். அவள் அங்கேயே தோப்பு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளையை யாரோ பார்த்தார்கள், வீட்டை மாமனார் கட்டினார், பிள்ளைகளின் பேரைக்கூட ஜோசியர் எழுத்துக் கொடுத்து மாமியார் வைத்தார். இந்த ரவையை அவள் தேடினாள், அவள் எடுத்தாள், அவளுடையதை மட்டும் அவளுடைய துப்பாக்கி வாங்கிக்கொண்டது. அதைப் போய் எல்லாம் ஈயந்தானே என்று ஒரு மனுஷர் கொட்டிக் கலக்கியிருக்கிறார்.

எல்லாம் ஒன்றுதானே. இதை எங்கே கேட்டோம், இதே குரலில், இதே நல்ல குரலில். நினைக்கவேண்டாம் என்று விரல் ரவையை வேகமாக உருட்டியது, ஆனால் நினைப்பு அங்கேதான் போய்ச் சிக்கியது. தெவசம். அவளுடைய அம்மா காளியம்மாள் செத்தது ஆவணி சப்தமி. மாமியார் செத்தது அதே ஆவணியில் திருதியை. கூடப் பிறந்தவன் இல்லாததால் மருமகனே திதி கொடுக்கவேண்டியது, கொடுத்தார், யார் கொடுப்பார், நல்லவர்தானே. முதல் வருஷம் ரெண்டு நாளும் தனித்தனியாக நடந்தது. அடுத்த வருஷம், நாலு நாள் இடைவெளியில் சொந்தக்காரர்களை ரெண்டுதரம் எதற்கு அலைக்கழிக்கவேண்டும் என்று சப்தமியைத் தூக்கித் திருதியையில் போட்டார். ஒரே படையல். மாமியாருக்குப் பிடித்த ஒப்புட்டு, அதுதான் பருப்புப் போளி. அம்மாவுக்கு ஒப்புட்டு ஆகவே ஆகாது, வாயில் ஒட்டுகிறது என்று தள்ளிவிடுவாள். அவளுக்குச் சந்தவை வேண்டும், இடியாப்பம் மாதிரிச் சுடச்சுடப் பிழிந்து தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றி. சந்தவை வேண்டாமா என்று வசந்தாமணி வாயைத் திறப்பதற்குள், ரெண்டு பலகாரமா, நீயும் எத்தன வேலதான் பாப்பே என்று அவளுக்காகவே பரிதாபப்பட்டார். ம். அதோடு விட்டாரா? ஸ்டுடியோக்காரனிடம் கொடுத்து ரெண்டு அம்மாளையும் ஒரே பிரேமுக்குள் போட்டுக் கொண்டுவந்தார். அவளுடைய வளைகாப்பில் வளையல் அடுக்குகிற முறை யாருக்கு என்று மூண்ட சண்டைக்குப் பிறகு, சாகிறவரை ஒரு வார்த்தை பேசாத ரெண்டு கிழவிகள். ஒரே சட்டத்துக்குள், தோளோடு தோள். மாமியார் பெரிசாக நடுவில். அம்மா ஓரத்தில், பழைய ரேஷன் கார்டுப் படத்திலிருந்து எடுத்ததால் கலங்கிப்போய், வேண்டாத வீட்டுக்கு விருந்துக்கு வந்தவள் முகத்தோடு. அஞ்சு வருஷமாக ஆவணி சப்தமியன்று வசந்தாமணி எழுந்து குளித்து, ஒன்றும் செய்யாமல், சமையலறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இட்லி ஊற்றுகிறாள். கேட்காதது யார்? நீதான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சலாக இருந்தது.

தாசப்பன் அவள் பேரைக் கூப்பிட்டார். அவள் கைக்குட்டையில் இருந்ததை டப்பாவிலேயே கொட்டிக்கொண்டு எழுந்தாள். கோட்டில் போய்ப் பெட்டியைத் திறந்தாள். குழலை மடக்கினாள். முதல் ரவையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள், முரண்டு பிடித்தது. அப்பாடா. சுட்டாள். அடுத்தது விரல் படுவதற்குள் சளக்கென்று உள்ளே விழுந்தது. பக்கத்துக் கோட்டில் லோகநாதன் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார். கொடுத்த நேரம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஒவ்வொரு ரவையையும் சோதித்துக்கொண்டிருந்தால் கடைசியில் சுடாமல் நிற்கவேண்டியதுதான். போனால் போகிறது, உள்ளே விழுந்ததைச் சுடு என்று பழகின புத்தி சொன்னது. ம் என்கிற அதே புத்தி. சுட்டாள். அட்டையில் ஓட்டை கீழே இறங்கிக் கோணலாக உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் சுட்டது. இனிச் சின்னத் தலை ஒன்றுகூடப் போடமாட்டேன். அடுத்த சின்னத் தலை சளக்கென்று விழுந்தபோது குழலை மேலே தூக்கிச் சாய்த்து அதை வெளியே விழவைத்து, மூடியில் போட்டாள். இன்னொன்று எடுத்தாள். முரண்டு பிடித்தது. சுட்டாள். சளக், மூடிக்கு. முரண்டு, சுடு. கண் கலங்கினால் கலங்கட்டும், கட்டைவிரலுக்குப் புரை விழவில்லை. சளக், மூடிக்கு. போ, நீ என்னுடையவள் இல்லை. மற்றவர்கள் எழுந்து பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது. தாசப்பன் பின்னால் வந்து நின்று, நேரம் ஆகுதுங்கம்மா என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். கடைசி ரவைக்கு மூன்றுதரம் சளக், சளக், சளக் என்றது; மூன்றையும் மூடியில் போட்டாள். எடுத்த நாலாவது, அழுத்தியபோது நகத்தடியில் வலிக்கிற அளவுக்கு முரண்டு பிடித்தது. மூச்சை விட்டாள், விசையைத் தொட்டாள், துப்பாக்கி பெருமூச்சு விட்டு அடங்கியது. நிறுத்து என்று தாசப்பன் குரல் கொடுத்தார்.

அட்டைகளை எடுத்துவந்து கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக் கூட்டியவர் கடைசியில் அவளைப் பார்த்து, மதுரைக்குப் போய்ட்டு வாங்க என்றார். அந்தக் கோணல் ஓட்டைக்கு அப்புறமும் தகுதிப் புள்ளிக்கு மேலே கொஞ்சம் மிச்சம் இருந்தது. லோகநாதன் தன் அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நாச்சிமுத்து ரெண்டு காகிதக் குவளையோடு ஓடிவந்தார், டீ பாதி கையில் கொட்டியிருந்தது, முகமெல்லாம் பல். நாம ஜெயிச்சுட்டமாட்ட இருக்குதே என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். நாம. பெட்டியையும் டப்பாவையும் பழைய பெஞ்சில் கொண்டுவந்து வைத்திருந்தவள் டீயை வாங்கிப் பெட்டிமேல் வைத்தாள். அவருக்குக் கை சும்மா இருக்காது, தன் குவளையை ஒரே மடக்கில் காலி செய்தபடியே பெஞ்சை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். மூடி நிறைய ரவை கிடப்பதையும், பக்கத்தில் டப்பா பாதியாகக் காலியாகி நிற்பதையும் பார்த்தார். சிந்திப்போகுமே புள்ள என்று மூடியைத் தூக்கி டப்பாவின் மேல் சாய்க்கப் போனார். வசந்தாமணி டப்பாவின் வாயைக் கையால் பொத்தினாள். ரெண்டு ரவை அவள் புறங்கையில் விழுந்து உருண்டது.

“கொட்டாதீங்க,” என்றாள்.

எல்லாம் ஒண்ணுதானே என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் சிரிக்கவில்லை என்று அவருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஒண்ணு இல்லீங்க. எங்கம்மா செத்தது சப்தமி. வர்ற ஆவணியில சப்தமியன்னைக்குத்தான் எங்கம்மாளுக்குத் தெவசம். சந்தவ பிழியோணும். அந்தப் போட்டோவையும் பிரிச்சுக் குடுத்துருங்க.”

குரல் உயரவில்லை, ஆனால் தாசப்பன் அடுத்த அட்டைக்குக் கூட்டிக்கொண்டிருந்த புள்ளியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ரவைக்கும் தெவசத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நாச்சிமுத்து கேட்டிருக்கலாம், கேட்க வந்தது முகத்தில் தெரிந்தது. கையில் மூடியோடு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெஞ்சையும் டப்பாவையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார். அப்புறம் தன் காலிக் குவளையை எடுத்து, அடியில் தங்கிய டீயை வெளியே உதறி, மூடியில் கிடந்த ரவைக்கு என்று அதை அவளிடம் நீட்டினார். அவள் குவளைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஈரமா இருக்குது,” என்றாள். “தொடைச்சுக் குடுங்க.”